தேயாத பித்தளை வில்லை

சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் எடுத்துக்கொண்டு போய், மேலே வந்ததும் மறுபடி மாட்டவேண்டிய பித்தளை வில்லைகள் விளக்கறைப் பலகையில் வரிசையாகத் தொங்கின. எல்லாம் கைபட்டுக் கைபட்டு எண் மழுங்கியவை. ஒன்று மட்டும் புதுசு போல மின்னியது. அது ஸகார் தெரெஷ்கோவுடையது.

கால்பந்து விளையாடிச் சம்பளம் வாங்குகிறான் என்று சோவியத் நாட்டில் கணக்கு எழுத முடியாது. அதனால் தோன்பாஸ் நிலக்கரி வட்டாரத்தின் ஒரு சிறுநகரத்து அணிக்குக் கோல் அடித்துக்கொண்டிருந்த ஸகார், சுரங்கத்தின் கணக்கில் நிலக்கரி வெட்டுகிறவன். அவன் பங்குக் கரியைக் குழுவிலிருந்த மற்றவர்கள் வேலைநேரம் முடிந்த பின்னும் நின்று வெட்டினார்கள். யாரும் முணுமுணுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் இடது கால் ஒரு முறை பேசினால் போதும், வாரம் முழுக்கப் பட்ட பாடு மறந்துபோகும்.

இப்போது முட்டி போய்விட்டது. அணி ஒரு கண்ணாடிச் சாடியும் பூங்கொத்தும் கொடுத்து வழியனுப்பியது. விளையாட்டு அலுவலகத்தில் ஒரு நாற்காலியும் காத்திருந்தது. அவன் அதை வேண்டாமென்று சொல்லிவிட்டு விளக்கறைக்கு வந்து நின்றான்.

"தெரென்தியிச், உங்க குழுவுல என்னைச் சேத்துக்கங்க."

குழுத் தலைவர் பிலிப் தெரென்தியிச் விளக்கைத் தலைக்கவசத்தில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "பத்து வருஷமா எங்க குழுவுலதானேடா இருக்க. போனஸ்கூட வாங்கினியே."

சிரிப்பு வெடித்தது. "முட்டி மடங்குமா, நட்சத்திரமே?" என்றான் மித்ரோ. "கீழ விழுந்து புரண்டா பெனால்ட்டி குடுக்க ரெஃபரி இல்ல, பாத்துக்க!"

தெரென்தியிச் மட்டும் சிரிக்கவில்லை. "ஓஸிப்போட அடக்கத்துக்கு நீ வரல."

ஓஸிப் அவருடைய தம்பி. முந்தைய வசந்தத்தில், ஸகாரின் பங்கை வெட்டிமுடிக்கப் பின்தங்கி நின்றபோது கூரை இறங்கி நசுங்கிப்போனவன். அதே மாலை தொலைவிலிருந்த திபிலிசி நகரத்து ஆட்டத்தில் ஸகார் தன் வாழ்நாளிலேயே அழகான கோலை அடித்திருந்தான். செய்தி விடுதிக்கு வந்தது. மூன்று நாளில் அடுத்த ஆட்டம். மலர்வளையத்துக்குத் தந்தி கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டான்.

"கோச் விட்டிருக்கமாட்டாரு..."

"கேட்டியா?"

ஸகார் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அனுப்பியிருப்பார்கள் என்பது அன்றைக்கே அவனுக்குத் தெரியும்.

தெரென்தியிச் பலகையிலிருந்து மின்னும் வில்லையைக் கழற்றி அவன் கையில் போட்டார். "இறங்கு."

கீழே கூரை இடுப்பளவுதான். முட்டி போட்டுத்தான் கரி அள்ளவேண்டும். கெட்டுப்போன முட்டியை ஊன்றும்போதெல்லாம் ஸகாருக்குக் கண் இருட்டியது. நடுவில் மற்றவர்கள் ரொட்டியையும் உப்பிட்ட பன்றிக்கொழுப்பையும் பிரித்துத் தின்றபோதும் அவன் நிறுத்தவில்லை. வேலைநேரம் முடிந்தபோது அவன் பங்கில் பாதி அப்படியே கிடந்தது. மித்ரோ பழக்கதோஷத்தில் தன் மண்வாரியை எடுத்துக்கொண்டு தவழ்ந்து வந்தான்.

"வேணாம் மித்ரோ. இது என்னோடது."

"டேய், மேல போற கூண்டு போயிரும்டா!"

"போகட்டும்" என்றார் தெரென்தியிச். கூரையைத் தாங்கிய முட்டுக்கட்டை ஒன்றில் சாய்ந்து உட்கார்ந்தார். "ஓஸிப் நின்னதும் இந்தப் பங்குக்குத்தான். இன்னிக்கு இவனே முடிக்கட்டும். நாம உக்காருவோம்."

உட்கார்ந்தார்கள். ஒருவரும் மேலே போகவில்லை. ஸகார் வாரிக்கொண்டே இருந்தான். பிறகு மித்ரோவுக்குப் பொறுக்கவில்லை.

"அந்தத் திபிலிசி கோலு... ரேடியோவுல கேட்டோம். ஓஸிப் இருந்திருந்தா குதிச்சிருப்பான். எப்படிடா அடிச்ச?"

"ஞாபகம் இல்ல."

ஈரப் புல், கோல்கீப்பர் சாய்ந்த பக்கம், கம்பத்தை உரசிப் பந்து உள்ளே போன ஓசை, எல்லாம் நினைவிருந்தது. அந்நேரம் இங்கே என்ன ஓசை கேட்டதென்று மட்டும் யாரிடமும் அவன் விசாரித்ததில்லை. குனிந்து அடுத்த மண்வாரிக் கரியை அள்ளினான்.