முன்னால் போய்ச் சேரும் பிள்ளைகள்

அந்தச் சீமையில் கார் பிரேக் போட்டால், கட்டிவைக்காத பிள்ளைகள் நிற்பதில்லை. கண்ணாடியில் ஒரு கீறலும் விழாமல் வெளியே போய், கார் எங்கே போகக் கிளம்பியதோ அந்த இடத்துக்கு முன்னதாகவே சேர்ந்துவிடும். கல்யாண மண்டப வாசல்களில் ஜமுக்காளத்தை விரித்துப் பிடிக்க இரண்டு பேர் நிற்பார்கள். வேகமாகப் போன பிள்ளைகள் மண்டபத்தையும் தாண்டிக் கடற்கரை வரை போய்விடுவதுண்டு. யாராவது மணலைத் தட்டிவிட்டு, பஸ் ஏற்றி அனுப்புவார்கள். இதில் என்ன குறை என்று பெரியவர்கள் கேட்டார்கள்.

வடிவுக்குக் குறை இருந்தது. அவள் மகள் கோமுவுக்கு மொட்டை போட்டபோது வடிவு இன்னும் காரில் வந்துகொண்டிருந்தாள். கோமு முதல் அடி எடுத்துவைத்ததும் ஏதோ ஒரு மண்டபத்துச் சமையல்காரரைப் பார்த்துத்தான். பெற்றவள் எப்போதும் இரண்டாவதாக வருவது எந்த ஊர் நியாயம்? இன்று குலசாமி கோவிலில் கோமுவுக்குக் காதுகுத்து. அழுகிற பிள்ளையின் கையைத் தான்தான் பிடித்திருக்க வேண்டும் என்று, வடிவு ஒரு குழந்தை இருக்கையை வாங்கிப் பின்சீட்டில் பொருத்தினாள். பிடித்து உலுக்கினாள், அசையவில்லை. பட்டுப்பாவாடையின் உப்பலில் வார் தளர்ந்துவிடும் என்று பாவாடையைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, பனியனும் ஜட்டியுமாகக் கோமுவை உட்காரவைத்து வார்களை இறுக்கினாள்.

நாத்தனார் உலகம்மாள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"களவாணியையா கூட்டிட்டுப் போறோம்? எம் மடி எதுக்கு இருக்கு?"

"பிரேக் போட்டா உங்க மடி பிடிச்சு நிறுத்துமா மதினி?"

"அஞ்சு பிள்ளைய இந்த மடியிலதான் கொண்டுபோனேன்."

"கொண்டுபோனீங்க. அஞ்சும் உங்களுக்கு முன்னாலதான எறங்குச்சு."

"எறங்கினா என்ன? மொதப் பந்தியில உக்காந்துச்சுல்லா."

கார் ஓட்டிய குத்தாலிங்கம், அக்காவின் பேச்சுக்கும் மனைவியின் பேச்சுக்கும் சேர்த்து ஒரே தலையை ஆட்டினான்.

ஒவ்வொரு வேகத்தடையிலும் வடிவு வாருக்கும் கோமுவின் நெஞ்சுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தாள். மெதுவாகப் போகச் சொன்னாள். நல்ல நேரம் முடியப்போகிறது என்று குத்தாலிங்கம் இன்னும் அழுத்தினான். வளைவில் ஆட்டு மந்தை. பிரேக் போட்டான்.

வாழைப்பழச் சீப்பு போனது. பூப்பொட்டலம் போனது. கோமு போகவில்லை. வார்கள் ஒருமுறை இறுகித் தளர்ந்தன. அவள் அம்மாவைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள்.

உலகம்மாளின் மடிதான் போய்விட்டது. மடி இல்லாதவரால் உட்கார முடியாதல்லவா. கூரைக்குக் கீழே குனிந்து நின்றபடியே வந்தார்.

"பெல்ட் போட்டிருக்கலாம்ல மதினி?"

"மடிக்கா போடுவாங்க?"

கோவில் கோபுரம் கண்ணில் படும்போது வடிவின் தம்பி சுடலைமுத்து அங்கிருந்து போன் செய்தான்.

"அக்கா, மடி வந்து சேந்துட்டு, பிள்ளையத்தான் காணும். நேரம் தாண்டிரக்கூடாதுன்னு ஆசாரி மடிக்கே குத்திட்டாரு. தாய்மாமன் மொறைக்கு நான்தான் பிடிச்சுக்கிட்டேன். அழவேயில்ல."

வடிவு கோமுவின் கையை விடாமல், குத்தாத அவள் காதை இன்னொரு கையால் தொட்டுப் பார்த்தாள்.

உலகம்மாள் குனிந்தபடியே போனை வாங்கினார்.

"என்ன கல்லு போட்டிருக்கு?"

"செவப்பு."

"எனக்குச் செவப்பு ஆவாதே," என்றார் உலகம்மாள். "பச்சை மாத்தி வையி. வந்து உக்காருதேன்."