என் கீழே வேலை பார்க்கிறவன்

வெல்டர் என்றால் எங்கள் வீட்டில் 'பத்தவைக்கிற பய' என்றுதான் பெயர். அப்பா விஸ்வநாதன் முப்பது வருஷம் அரசாங்க ஆபீசில் ஃபைல் தள்ளியவர். கை அழுக்காகிற வேலை எதுவும் அவர் கணக்கில் வேலையே இல்லை. அவரை மட்டும் குறை சொல்லிப் புண்ணியமில்லை. எனக்கும் அதே புத்திதான்.

நான் மெக்கானிக்கல் படித்தேன். படித்தேன் என்றால் நாலு வருஷம் காலேஜுக்குப் போய் வந்தேன். மூன்று அரியர் இன்னும் அப்படியே கிடக்கிறது. சென்னையில் வேலை தேடுகிறேன் என்று ஊர் சுற்றிவிட்டு சங்கரன்கோவிலுக்குத் திரும்பியபோது வயது இருபத்தாறு. ராஜபாளையம் ரோட்டில் டிராக்டர் டிரெய்லர் செய்கிற கம்பெனி ஒன்றில் வெல்டிங் அப்ரண்டிஸ் எடுத்தார்கள். சேர்ந்துவிட்டேன். வீட்டில் "கம்பெனில எடுத்துட்டாங்க" என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை அப்பா சேர்த்துக்கொண்டார். சாயந்திரத்துக்குள் தெரு முழுக்க விஸ்வநாதன் மகன் என்ஜினீயர். இல்லை என்று நான் சொல்லவில்லை. தினமும் இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பி, கம்பெனி கக்கூஸில் காக்கி மாற்றிக்கொண்டேன்.

அங்கே எனக்கு ஜோடியாகப் போட்டது மைதீன் பாட்சாவை. கடையநல்லூர்க்காரன், என் வயசுதான். சவூதியில் இரண்டு வருஷம் வெல்டிங் பார்த்திருக்கிறான். ஆனால் கையில் சர்டிபிகேட் இல்லாததால் கடைசிவரை ஹெல்பர் சம்பளம்தான் கொடுத்தார்களாம். அந்தக் காகிதத்துக்காக மறுபடி முதலிலிருந்து அப்ரண்டிஸ். அதில் அவனுக்குக் கூச்சமே கிடையாது. முதல் வாரம் என் வெல்டிங் ராடு இரும்புத் தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும்போதெல்லாம் ஷெட்டே சிரிக்கும். "எல்லாருக்கும் ஒட்டுததுதாம்லே, இழுக்காத, மெதுவா திருப்பி எடு" என்பான் அவன். நான் கோணலாகப் போட்ட வெல்டிங் தையலை சூப்பர்வைசர் வருவதற்குள் தேய்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி நிற்பான்.

சங்கரலிங்கம் மாமா அப்பாவோடு ஒரே ஆபீசில் இருந்தவர். அவர் மகள் மீனலோசினி தென்காசியில் பேங்க் வேலையில் இருக்கிறாள். ஜாதகம் பொருந்திவிட்டது. எனக்கும் அவளைப் பிடித்துவிட்டது, அதுதான் வினை. ஞாயிற்றுக்கிழமை மாமா வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை அம்மா சொன்னாள்: "ஏலே ராமு, கம்பெனில நிக்க மாதிரி ஒரு போட்டா எடுத்து அனுப்பு. அவுக வீட்டுல கேக்காக."

சனிக்கிழமை நான் காக்கி மாற்றவில்லை. நல்ல சட்டையோடு, கையில் ஒரு டிராயிங் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, மைதீன் கீழே உட்கார்ந்து வெல்டிங் அடிக்கிற இடத்தில் போய் நின்றேன். போனை இன்னொரு அப்ரண்டிஸிடம் கொடுத்தேன்.

"ஷீல்டு பிடிலே. கண்ணு போயிரும்" என்றான் மைதீன்.

"மொகம் தெரியாண்டாமா? நீ அடி."

"மாப்ள முறுக்கா? சரி, நில்லு" என்று சிரித்துக்கொண்டே அடித்தான். தீப்பொறி சரியாக விழவில்லை என்று இன்னும் நாலு தடவை அடிக்கச் சொன்னேன். போட்டோ பிரமாதமாக வந்தது. நான் மேற்பார்வை பார்க்கிறேன். கீழே முகமூடி போட்ட எவனோ ஒருவன் குத்தவைத்திருக்கிறான்.

வெல்டிங் வெளிச்சம் உடனே வேலையைக் காட்டாது. மறுநாள் காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. மிளகாய்ப் பொடியையும் மணலையும் கலந்து உள்ளே போட்டது போலிருந்தது. "கம்ப்யூட்டர ரொம்ப நேரம் பாத்துட்டேன்" என்றேன். அம்மா நம்பவில்லை. "போட்டாவ சொந்தக்காரவுக எல்லாருக்கும் அனுப்புனேம்லா, ஊர்க் கண்ணு பட்டுட்டு" என்று கோமதி அம்மன் கோயில் புத்துமண்ணைக் குழைத்து என் கண்ணைச் சுற்றிப் பூசினாள். நான் மைதீனுக்கு மட்டும் போனில் விஷயத்தைச் சொன்னேன்.

பத்து மணிக்கு மாமா வந்தார். கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் போனில் போட்டோவைப் பார்த்திருக்க வேண்டும்.

"கீழ உக்காந்திருக்கது யாரு தம்பி?"

"அதுவா மாமா... எங்கீழ வேல பாக்குத பையன்."

"உங்கீழ எத்தன பேரு?"

"ஒரு ஏழெட்டுப் பேரு." என்னையும் சேர்த்து அப்ரண்டிஸ் மொத்தமே எட்டுப் பேர்தான்.

அப்போது வாசலில் ஒரு குரல். "சார் இருக்காகளா? கம்பெனிலருந்து வாரேன். கண்ணுக்கு மருந்து கொண்டாந்திருக்கேன்."

மைதீன் குரல். ஏலே, மாப்ளே என்பதைத் தவிர என்னை வேறெப்படியும் கூப்பிட்டதில்லை. எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறான் என்பதை அந்த 'சார்' சொல்லிவிட்டது. 

பொண்ணு வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளையை அவன் வேலை பார்க்கிற இடத்தில் விசாரிப்பது வழக்கம். மாமாவுக்கு ஆளே வீடு தேடி வந்துவிட்டான். "தம்பி கம்பெனில எப்படிப்பா?" என்றார்.

"சார் ரொம்ப நல்ல மாதிரி அண்ணாச்சி. நேத்து பக்கத்துல நின்னாக. நாந்தான் சொல்லாம கொள்ளாம அடிச்சிட்டேன். வெளிச்சம் கண்ணுல பட்டுட்டு. எந்தப்புதான்."

அப்பா எழுந்துவிட்டார். "பத்தவைக்கிற பயலுவளுக்கு அறிவுன்னு ஒண்ணு கெடையாதா? எம்புள்ள கண்ணு போயிருந்தா என்னல செய்வ?"

"தப்புதான் அண்ணாச்சி."

அம்மா குறுக்கே வந்தாள். "பாத்தேளா, இந்தப் பையன காட்டிக்குடுக்காம கம்ப்யூட்டர்னு எங்ககிட்ட பொய் சொல்லிருக்கான்!" மாமா 'அடடே' என்றார். என் நல்ல குணத்துக்கு இப்படி ஒரு சாட்சி. என் கண்ணிலிருந்து தண்ணீராக ஊற்றியது. வலியென்று நினைத்திருப்பார்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வெளிச்சத்தில் வைத்து மருந்து விடச் சொன்னாள் அம்மா. மைதீன் என் கையைப் பிடித்துத் தெருவுக்குக் கூட்டிப்போனான். கைக்குட்டையை நனைத்துப் புத்துமண்ணைப் பதனமாகத் துடைத்தான்.

"தலையத் தூக்குங்க சார்."

சொட்டு விழுந்தது. குளிர்ந்தது. மங்கலாக அவன் முகம் தெரிந்தது. முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"ஏலே, இங்கன யாருமில்ல. இப்பவும் எதுக்கு சாருன்னு சொல்லுத?"

"நாளைக்கு கம்பெனிக்கும் விசாரிக்க வருவாக. அப்ப வாய் தவறிரப்பிடாதுல்லா? பழகிக்கிடுதேன்" என்றான். மருந்துச் சீசாவை என் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டு, "மூணு வேள விடச் சொன்னாரு டாக்டரு" என்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான். கடையநல்லூரிலிருந்து வந்தவனை நான் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

உள்ளே போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். 'மாமா, அவன் என் கீழ இல்ல. நானும் அவனும் ஒண்ணாத்தான் வெல்டிங் படிக்கோம். சொல்லப்போனா அவன்தான் எனக்கு மேல.' வாசல் நடைக்குள் நின்று இரண்டு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். சின்ன வாக்கியங்கள்தான். அப்புறம் உள்ளே போனேன்.

மாமா அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "ஏச்சு வாங்குவோம்னு தெரிஞ்சும் பஸ் ஏறி மருந்து கொண்டாந்திருக்கான் பாத்தீரா வே. மேல உள்ளவன் சரியா இருந்தாத்தான் கீழ உள்ளவன் இப்படி இருப்பான்." என் பக்கம் திரும்பினார். "என்ன தம்பி, நாஞ்சொல்லுதது சரிதான?"

"ஆமா மாமா" என்றேன்.