இரும்புத் துடுப்பின் சப்பாத்துகள்

இரும்புத் துடுப்பிலிருந்து யாராவது விலகினால், சப்பாத்தை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு போய்விடுவார்கள். அடுத்து வருபவர் அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொள்வார். அதற்குப் பிறகு இவர்தான் அவர். பேச்சுவார்த்தை ஒன்றும் கிடையாது. நோர்வேயின் வடக்கில் ஆட்கள் பேச்சைச் சிக்கனமாகத்தான் பாவிப்பார்கள்.

இரும்புத் துடுப்பு என்பது எங்கள் ஹார்ட் ராக் இசைக்குழு. நோர்வீஜிய மொழியில் பெயர் வேறு மாதிரி ஒலிக்கும். அர்த்தம் இதுதான். மீன் தொழிற்சாலையில் வேலை செய்த நாங்கள் நால்வர் அதைத் தொடங்கினோம். ஸ்தைனார் பாடினார். ஒஸ்முண்ட் ட்ரம்ஸ் அடித்தார். கிட்டார் ஒருவர். அச்சுவேலியிலிருந்து மீன் வெட்ட வந்த நான் பேஸ் கிட்டார். என் பெயர் பத்மசீலன். தொழிற்சாலையின் பழைய குளிரறையில் பயிற்சி செய்தோம். அங்கே உறைந்த மீன்கள்தான் எங்கள் முதல் ரசிகர்கள். அவை ஒருபோதும் எழுந்து போகவில்லை.

முதல் இசைத்தட்டின் அட்டைப் படத்துக்காக நால்வரும் ஒரே மாதிரிச் சப்பாத்து வாங்கினோம். கறுப்புத் தோல், முழங்கால் வரை உயரம், பக்கத்தில் வளையங்கள். ஒரே அளவுதான் கடையில் இருந்தது. கால்கள் அதற்கு ஒத்துப்போயின. குளிரறை வாசலில் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு, கம்பளிக் காலுறையோடு உள்ளே போவோம். சப்பாத்தோடு உள்ளே போனால் நோர்வேக்காரனுக்கும் பிடிக்காது, அச்சுவேலிக்காரனுக்கும் பிடிக்காது. அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் சகோதரர்கள்.

இரண்டாவது இசைத்தட்டு முடிந்ததும் ஸ்தைனார் விலகினார். இசை குறித்த கருத்து வேறுபாடு என்று பத்திரிகையில் வந்தது. உண்மையில் அவருக்குக் கால் வியர்த்தது. பனியில் வெறுங்காலோடு நடந்து போனார். அடுத்த நாள் ஒரு பூகோள வாத்தியார் வந்து சப்பாத்தைப் போட்டார். சாயங்காலத்துக்குள் அவருக்கு ஸ்தைனாரின் செம்பட்டைத் தாடி முளைத்துவிட்டது. ஸ்தைனாரின் மகள் அவரை அப்பா என்று கூப்பிட்டாள். வாத்தியார் வரும்போது போட்டிருந்த சப்பாத்தை, வழக்கப்படி கடலில் போட்டோம். அவருடைய பழைய வாழ்க்கையும் அதோடு போயிற்று. குரல் முன்பைவிடக் கனமாகிவிட்டது என்று பத்திரிகை எழுதியது.

கிட்டார்காரர் போனபோது ஒருவரும் வரவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, அவருடைய சப்பாத்தை ஓர் அலமாரியின் முன்னங்கால்களில் மாட்டினோம். அலமாரி நன்றாக வாசித்தது. தாளம் தவறவில்லை. ஜெர்மனியில் அதற்கென்று தனிக் கூட்டம் இருந்தது. 'இப்பதான் மனுசன் வீட்டில தங்குறார்' என்று கிட்டார்காரரின் மனைவி சொன்னார்.

ஒரு குளிர்காலம் எங்கள் குழு கலைந்துபோயிற்று. அதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள் பாட்டுக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தோம். வசந்தத்தில் நாங்கள் மீண்டும் இணைந்துவிட்டதாக வானொலியில் கேட்டோம். எழுந்து ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டோம். வாத்தியார் அழுதார்.

இதையெல்லாம் என் அம்மாவுக்கு வாரம் தவறாமல் சொல்லிவந்தேன். அம்மா அச்சுவேலியில் தனியே இருந்தார். ஞாயிறு பின்னேரம் போன் எடுப்பார். குளிரறைக்குள் சிக்னல் கிடையாது. இறங்குதுறையின் நுனிக்கு ஓட வேண்டும். குழுவில் ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் இறங்குதுறை கொஞ்சம் நீண்டுவிடும். அதனால் வருடத்துக்கு வருடம் வேகமாக ஓடினேன்.

"சீலன், சாப்பிட்டியோ?"

"ஓம் அம்மா."

"இப்ப ஆர் பாடுறது?"

"ஒரு வாத்தியார்."

"அந்தச் செம்பட்டைத் தாடி எங்க?"

"இவருக்கும் முளைச்சிட்டுது."

"அப்ப அவர்தான். நீ எப்ப வாறாய்?"

"புது ஆள் அம்மா. பாட்டெல்லாம் பழக்க வேணும். வாற வருசம் வாறன்."

வாத்தியாரைப் பழக்கினேன். அலமாரியைப் பழக்கினேன். அலமாரியைப் பழக்க நிறையக் காலம் எடுத்தது. யாரையாவது பழக்கிக்கொண்டே இருந்தேன். அதற்குள் அம்மாவின் கண் மங்கத் தொடங்கிவிட்டது.

"ஓரமெல்லாம் இருண்டுபோச்சு சீலன். நடுவில கொஞ்சம் தெரியுது. அது இருக்கேக்க வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போ."

இனி யார் வந்தாலென்ன, போனாலென்ன என்று டிக்கெட் எடுத்தேன். அதை ஜாக்கெட் பைக்குள் வைத்து, பயிற்சி நேரமெல்லாம் தடவித் தடவிப் பார்த்தேன். அடுத்த ஞாயிறு அம்மாவிடம் சொல்வதாக இருந்தேன்.

அந்த ஞாயிறு காலை ஒஸ்முண்ட் விலகினார். யாரும் எதிர்பார்க்கவில்லை. சப்பாத்தை வாசலில் நேராக வைத்துவிட்டு, மீனவர்களுக்குக் கையசைத்தபடி போனார். மத்தியானமே ஒரு புதியவன் ட்ரம்ஸுக்கு வந்தான். பெயர் ஒட்வார். நெடியவன். கண் இமையெல்லாம் வெள்ளை. உரித்த வெங்காயம் போல ஒரு முகம். அவனுடைய சப்பாத்தைக் கடலில் போட்டுவிட்டு, காலுறையோடு உள்ளே கூப்பிட்டு, இரண்டு பாட்டு அடிக்கச் சொன்னோம். அடித்தான். சரி, ஒஸ்முண்டின் சப்பாத்தைப் போட்டுக்கொள் என்று வாத்தியார் சொல்ல வாயெடுத்தார்.

நான் மணியைப் பார்த்தேன். அம்மா எடுக்கும் நேரம். இறங்குதுறை அன்று காலைதான் இன்னும் நீண்டிருந்தது. ஜாக்கெட்டை மறந்தேன். போனை மட்டும் எடுத்துக்கொண்டு, வாசலில் கைக்குக் கிட்டக் கிடந்த சப்பாத்துக்குள் காலை விட்டு ஓடினேன்.

நுனிக்குப் போனதும் போன் அடித்தது.

"ஒஸ்முண்ட், சாப்பிட்டாயா?"

யாரோ வயதான பெண். நோர்வீஜிய மொழி. நான் குனிந்து காலைப் பார்த்தேன். வலது சப்பாத்தின் முன்பக்கம் தேய்ந்திருந்தது. மேடைகளில் ட்ரம்ஸின் மிதியை மிதித்து மிதித்துத் தேய்ந்த தேய்வு.

"ஓம், சாப்பிட்டேன்" என்று நோர்வீஜிய மொழியில் சொன்னேன். வேறு என்ன சொல்வது.

"பூடோவுக்கு, வீட்டுக்கு எப்ப வருகிறாய்?"

நான் போனை வைத்துவிட்டுத் திரும்பி ஓடினேன். குளிரறைக்குள் ஒட்வார் என் சப்பாத்தோடு, என் ஜாக்கெட்டோடு நின்றான். காதில் ஒரு போன் வைத்திருந்தான். உள்ளே சிக்னல் கிடையாது. அவனுக்கு இருந்தது.

"ஓம் அம்மா. டிக்கெட் எடுத்திட்டன். வாறன் அம்மா" என்றான். நல்ல அச்சுவேலித் தமிழ்.

"கழற்று" என்றேன்.

"எதை?"

"என்ர சப்பாத்தை."

"நான் ட்ரம்ஸுக்குத்தான் வந்தனான். வாத்தியாரின்ர சோடி போக, வாசலில மிச்சம் கிடந்தது இதுதான். நீங்கள்தானே பிழையானதைப் போட்டுக்கொண்டு ஓடினனீங்கள்."

அவன் சொன்னது சரி. ஆள் கெட்டவனும் அல்லன். மறுபேச்சுப் பேசாமல் கழற்றித் தந்தான். நான் காலை விட்டேன். போகவில்லை. இத்தனை வருடமும் நான் போட்ட சப்பாத்து. குதி இடித்தது. வாத்தியார் எண்ணெய் கொண்டுவந்தார். அலமாரி என்னைப் பிடித்துக்கொண்டது. இழுத்தோம், தள்ளினோம். விரல் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

"வெறுங்காலோட போறன்" என்றேன்.

"போகலாம்" என்றார் வாத்தியார். "ஆனா ஸ்தைனாரை ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ."

நினைத்துப் பார்த்தேன். ஸ்தைனாரை ஒருமுறை பஸ் தரிப்பிடத்தில் கண்டிருந்தேன். அவர் தன் பெயர் என்னவென்று என்னிடம் கேட்டார். சொன்னேன். நன்றி என்றார். அந்தப் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு எந்த பஸ்ஸில் ஏறுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அப்படி ஆகிவிட்டால் அம்மாவின் நம்பரும் எனக்கு நினைவிருக்காது. நான் ட்ரம்ஸின் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

எனக்கு ட்ரம்ஸ் நன்றாக வந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒட்வார் அந்த வாரமே என் சப்பாத்தோடும் என் டிக்கெட்டோடும் அச்சுவேலிக்குப் போனான். நான்தான் அவனை விமான நிலையத்தில் இறக்கிவிட்டேன். அம்மாவுக்கு முட்டியில் நோவு, எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடு என்றேன். தெரியும் என்றான். கோபத்தில் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றேன். விமானம் போன பிறகும் துடைத்தேன்.

அவன் இல்லாதபோது ஒரு மிதிவண்டி பேஸ் வாசித்தது. தற்காலிகம் என்பதால் அதற்குச் சப்பாத்துக் கொடுக்கவில்லை. அந்த மாதம் எங்கள் பாட்டு ஒன்று நாடு முழுக்கப் பிரபலமானது. யாரும் இல்லாத வீடுகளிலும் அது கேட்டது என்றார்கள்.

ஒரு நாள் அம்மாவுக்குப் போன் எடுக்க இறங்குதுறையில் நடந்தேன். இப்போது அது மிக நீளம். நான் புறப்படும்போது பிரபலமாயிருந்த பாட்டை, நுனிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் மறந்திருந்தார்கள்.

"ஹலோ."

"அம்மா."

"ஆர் கதைக்கிறது?"

"நான்தான் அம்மா, சீலன்."

"சீலன் இஞ்ச புட்டுச் சாப்பிடுறான். நீங்கள் ஆர்?"

காற்று பலமாக அடித்தது. நான் முதுகைக் கொடுத்து நின்றேன்.

"ட்ரம்ஸ் அடிக்கிறவர்."

"ஒஸ்முண்டோ? உங்களைப் பற்றி மகன் நெடுகச் சொல்லுவான். நல்ல மனுசன் எண்டு. சுகமோ தம்பி?"

"ஓம் அம்மா. அம்மா, மகன்ர முகத்தைப் பார்த்தீங்களோ?"

"பார்த்தன். படலைக்க வரேக்கயே பார்த்தன். நெடிய பிள்ளை. வெள்ளை இமை. குனிஞ்சுதான் உள்ள வந்தவன்."

"சீலன் கட்டை அம்மா. கறுவல். நாடியில ஒரு தழும்பு இருக்குது."

"அது எனக்குத் தெரியாதோ? பெத்தவள் நான். மாட்டுக் கொட்டிலில விழுந்த தழும்பு. நான்தான் மஞ்சள் வைச்சுக் கட்டினனான்."

அந்தப் பக்கத்தில் யாரோ இன்னும் கொஞ்சம் சம்பல் கேட்டார்கள். அம்மா கையெட்டிப் போட்டார் போலிருக்கிறது. கரண்டிச் சத்தம் கேட்டது.

"அப்ப அவன் ஆர் எண்டு கேக்கேல்லையோ?"

"ஏன் கேக்க வேணும்? வந்திருக்கிறான் தம்பி. என்ர பிள்ளை இவ்வளவு வருசமும் ஆளைப் பழக்கிறன், ஆளைப் பழக்கிறன் எண்டு சொன்னவன். ஒருத்தனை நல்லாப் பழக்கி அனுப்பியிருக்கிறான். முட்டிக்கு எண்ணெய் போட்டுவிடுறான். கிணத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போறான்."

"உங்கட கண்?"

"அது போட்டுது தம்பி. போன கிழமை. கடைசியா இவன்ர முகத்தைத்தான் பார்த்தன். சிரிச்சுக்கொண்டு நிண்டான். பரவாயில்லை."

"நான் இப்ப வந்தா?"

"வந்து? நான் என்னத்தைப் பாக்கிறது?" என்றார் அம்மா. கோபமில்லை. அடுப்பில் ஏதோ இருப்பதுபோல ஒரு அவசரம் மட்டும். "உங்களுக்கும் ஒரு தாய் இருக்கிறா எண்டு மகன் சொன்னவன். பூடோவிலயாம். அங்க போங்கோ. அந்த மனுசிக்கு எல்லாம் வடிவாத் தெரியுதாம்."

அன்று கச்சேரி இருந்தது. நான் போகவில்லை. நான் இல்லாமலே என் பங்கு கேட்டது என்று பிறகு சொன்னார்கள். பஸ் ஏறினேன். பஸ் போகப் போக ஜன்னல்கள் சிறுத்துக்கொண்டே வந்தன. கடைசியில் ஒரு கண்ணளவுதான் வெளியே தெரிந்தது. அதற்குள் பூடோ வந்துவிட்டது.

ஒஸ்முண்டின் அம்மாவின் பெயர் போர்கில்ட். கதவைத் திறந்தார். மெலிந்த, உயரமான மனுசி. கண்ணாடி போடாத நீலக் கண். அந்தக் கண் என் தலையிலிருந்து கால் வரை இறங்கியது. என் தோல், என் நாடி, என் தழும்பு, எதையும் விடவில்லை. நான் படியில் நின்றேன். இந்த மனுசி கதவைச் சாத்தினால் நல்லது என்றுகூட நினைத்தேன். அப்படியாவது ஒருத்தி என்னை நானில்லை என்று சொல்லட்டும்.

"அம்மா, வந்திட்டன்" என்றேன். தமிழில்தான் வந்தது.

அவர் கொஞ்சம் விலகி வழிவிட்டார்.

"சப்பாத்தைக் கழற்று. சாப்பாடு ஆறுது" என்று நோர்வீஜிய மொழியில் சொன்னார்.

மேசையில் மீன் சூப் இருந்தது. பால், உருளைக்கிழங்கு, வெள்ளை மீன். நான் வெட்டிய மீனாகக்கூட இருக்கலாம். அவர் எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கரண்டி குடித்திருப்பேன். என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது. மிளகாய் மேல் பழி போடலாமென்றால் அந்தச் சூப்பில் மிளகாய் இல்லை.

"உப்புக் கூடிப்போச்சா?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா. கொஞ்சம்" என்றேன்.

அவர் எழுந்து வந்து, என் தட்டில் இன்னும் கொஞ்சம் பால் ஊற்றினார்.