கயிறு இறுகினால்தான் பிரியலாம்

நாங்கள் குடியிருக்கும் உயிரணு இன்று இரண்டாகப் பிரிகிறது. மதியம் வரை தண்ணீர் வராது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

காலையில் நடுச்சுவர் கரைந்தது. எனக்கு வசதிதான். எல்லார் அடுப்பும் ஒரே பார்வையில் தெரிந்தது. எஸ்தர் டீச்சர் அடுப்பில் நேற்றைய குழம்பு. தினமும் புதிதாகச் சமைப்பதாக ஊரெல்லாம் சொல்லிக்கொள்பவர்.

போன வாரம் எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நகல் வந்தது. பிரிகிற வரை நகலோடு இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் நடமாட வேண்டும். இங்கே அதுதான் வழக்கம். மற்றவர்களுக்கு அலுத்துப்போனது. இரண்டு எஸ்தர் டீச்சருக்கும் யார் அசல் என்று ஓயாத சண்டை.

எனக்கு அலுக்கவில்லை. நான் சொல்லும் சேதியை இதுவரை யாரும் கடைசி வரை கேட்டதில்லை. என் நகல் கேட்டாள். சிரிக்க வேண்டிய இடத்துக்கு ஒரு நொடி முன்பே சிரித்தாள்.

கிழக்கு முனையிலிருந்தும் மேற்கு முனையிலிருந்தும் கயிறுகள் வளர ஆரம்பித்தன. கயிற்றுக்குக் கண் கிடையாது. நீண்டு துழாவும். ஒன்றும் அகப்படாவிட்டால் சுருங்கிப் போய், வேறு பக்கம் வளரும். ஒரு கயிறு எஸ்தர் டீச்சரின் குழம்புச் சட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு விலகியது. அதற்கும் தெரிந்திருக்கிறது.

ஜோடியில் ஒருத்தியைக் கிழக்குக் கயிறு பிடிக்க வேண்டும். மற்றவளை மேற்குக் கயிறு. பிடிபட்டவர்கள் நடுவில் வந்து வரிசையாக நிற்க வேண்டும். கடைசி ஜோடி வந்து நிற்கும் வரை யாரும் பிரிய முடியாது.

எங்கள் பக்கம் இரண்டு கயிறுகள் வந்தன.

"நீ ஒண்ணப் புடி, நான் ஒண்ணப் புடிக்கிறேன்," என்றாள் என் நகல்.

"ரெண்டும் கெழக்குக் கயிறுடி."

"அதுக்குத்தானே சொல்றேன்."

பிடித்துக்கொண்டோம். இரண்டு பேரும் ஒரே பக்கம் போய்விடலாம்.

பரஞ்சோதி வந்தார். கயிறு சோதிப்பவர். சுண்டிப் பார்த்து, இறுக்கமாக இருந்தால் நகர்ந்துவிடுவார். தொளதொளவென்று இருந்தால் அறுத்துவிடுவார். முகத்தைப் பார்ப்பதே இல்லை.

எங்கள் கயிற்றைச் சுண்டினார். தொய்ந்தது.

"கோமளாக்கா, இது செல்லாது."

"நல்லாத்தானே புடிச்சிருக்கோம்?"

"எதிர்ப்பக்கம் இழுக்க ஆளில்லியே. அப்புறம் எப்படி இறுகும்?"

"இறுகாட்டி என்ன?"

"பிரிய முடியாது."

"அதத்தானய்யா நாங்களும் கேக்குறோம்."

அறுத்தார். மறுபடி கிழக்கையே பிடித்தோம். மறுபடி அறுத்தார்.

வரிசையில் நின்றவர்களுக்குக் கால் வலித்தது.

"ஏ கோமளா! உங்க ஒரு ஜோடிக்காக அத்தன பேரும் நிக்கணுமா?" இரண்டு எஸ்தர் டீச்சரும் ஒரே குரலில் கத்தினார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் அவர்களுக்குள் ஒற்றுமை.

"நில்லுங்க டீச்சர். நின்னா சீரணம் ஆகும்," என்றேன்.

அப்படியே குழம்புச் சேதியை என் நகலிடம் ஆரம்பித்தேன். கயிறு சட்டியைத் தொட்டுவிட்டு விலகிய கட்டத்துக்கு வந்தேன். அவள் வழக்கம்போல் ஒரு நொடி முன்பே சிரித்தாள். சிரித்தபடி பின்னால் சாய்ந்தாள். பின்னால் மேற்கு.

மேற்குக் கயிறு அவளைப் பிடித்தது. கிழக்குக் கயிறு என்னைப் பிடித்தது. எங்களுக்கு நடுவில் முடிச்சு இறுகியது. அவள் இவ்வளவு பக்கத்தில் இருந்ததாக நான் ஒருநாளும் உணர்ந்ததில்லை.

பரஞ்சோதி கயிற்றைச் சுண்டினார். கணீரென்றது.

"இப்பச் சரி," என்றார்.

எல்லா முடிச்சுகளும் ஒரே சமயத்தில் அவிழ்ந்தன.

"மீதிய அப்புறம் சொல்லு!" என்று கத்தினாள், பின்புறமாகப் போய்க்கொண்டே.

நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கி, சுவர் எழும்பியது. கயிறுகள் கரைந்தன. தண்ணீர் வந்தது.

இந்தப் பக்கம் எனக்கு வாய்த்த அண்டை வீடு எஸ்தர் டீச்சர்தான். மீதிச் சேதியும் எஸ்தர் டீச்சரைப் பற்றியதுதான். வேறு வழியில்லாமல் அவரிடமே, பெயரை மாற்றிச் சொன்னேன். சிரிக்க வேண்டிய இடம் வந்தது. அதற்கு ஒரு நொடி முன்பு நிறுத்திவிட்டு, மேற்குச் சுவரைப் பார்த்தேன்.

"என்ன கோமளா, நிறுத்திட்டே?"

"கொஞ்சம் இருங்க டீச்சர்," என்றேன். "அவ சிரிச்சு முடிக்கட்டும்."