பனி இறங்காத பெட்டி

செல்வராணி பயந்துபோனது மேனேஜரின் ஏச்சுக்கு அல்ல, அவர் மேசைமேல் வைத்த போட்டோவைப் பார்த்துத்தான். ஒரு கன்டெய்னர் சரக்குப் பெட்டியின் பக்கத் தகட்டில் முழ நீளத்துக்குக் கிழிசல். அதன் வழியாக மழை இறங்கி, உள்ளே இருந்த முந்திரிப் பருப்பு மொத்தமும் பூசணம் பிடித்துவிட்டது. போட்டோ எடுத்தவள் அவள்தான். கிழிசல் நட்டநடுவில் தெரிந்தது. அந்தப் பெட்டிக்குக் 'குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான்.

"இது உன் கண்ணிலே படலையாம்மா?" என்றார் மேனேஜர் அனந்தபத்மநாபன்.

அந்தப் பெட்டி வந்த நாளே அவளுக்கு நினைவில்லை.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே, உப்பளங்களை ஒட்டி, சரக்குப் பெட்டிகளை அடுக்கிவைக்கும் தனியார் யார்டு அது. கேட்டில் வரும் டிரெய்லரை நிறுத்தி, பெட்டி எண்ணைக் குறித்து, நாலு பக்கமும் போட்டோ எடுத்து, ஓட்டை, நெளிசல் உண்டா என்று எழுதுவது அவள் வேலை. ஒரு நாளைக்கு எண்பது பெட்டி, ஆறு வருஷம். முதல் வருஷமே அலுத்துவிட்டது. பிறகு அலுப்புகூடத் தெரியாமல் போனது. சாயங்காலம் முத்தையாபுரத்தில் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போது, எந்த வழியாக வந்தோம் என்பதே ஞாபகம் இருக்காது.

அன்று சோற்றைப் பிசைந்தபடி யோசித்தாள். அந்தப் பெட்டியில் கிழிசலுக்குப் பதிலாக ஒரு ஆள் தொங்கியிருந்தாலும் 'குறை இல்லை' என்றுதானே எழுதியிருப்போம்? தட்டை நகர்த்திவைத்தாள்.

மறுநாளிலிருந்து ஒரு சபதம் எடுத்தாள். யார்டில் தனக்குத் தெரியாத ஒன்றை யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வீட்டுக்குப் போவதில்லை. முதல் நாள் கேள்வியே வரவில்லை. மதியம் வரை முழித்துக்கொண்டு நின்றாள். கடைசியில், பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் வண்டியை ஓட்டும் ஸ்டெபினிடம் போனாள். நாள்பட்டுக் கிடக்கும் காலிப் பெட்டிகள் ஏன் ஒரே பக்கமாகத் துருப்பிடிக்கின்றன என்று கேட்டாள்.

"அது கடக்காத்து அடிக்கிற பக்கம்ளா," என்று சிரித்தார் ஸ்டெபின். "ஆறு வருசமா இங்கனதான நிக்க. இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சா?"

பெட்டி எண்ணின் கடைசி இலக்கம் முன்னாலிருக்கும் எழுத்துகளையும் எண்களையும் பெருக்கிக் கூட்டி வருவது என்று அடுத்த வாரம் தெரிந்துகொண்டாள். பெட்டிகளில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைச் சீட்டுகளில் எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று கேட்டாள். சிவப்பு வெள்ளைக் கோடு போட்டது எளிதில் தீப்பற்றும் சரக்கு. போகப் போகக் கேள்விகள் தாமாகவே வந்தன. வேலை அதேதான். ஆனால் மணி பார்ப்பது நின்றுபோயிற்று.

மார்கழி பிறந்து நாலாம் நாள் காலை, வெயில் ஏறுமுன் யார்டைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். எல்லாப் பெட்டிகளிலும் பனி கோத்துச் சொட்டியது. மூன்றாம் வரிசைக் கடைசியில் தரையில் தனியாக நின்ற நீலப் பெட்டி மட்டும் காய்ந்து கிடந்தது.

சுற்றி வந்தாள். நாலு பக்கமும் ஈரம் இல்லை. தகட்டில் உள்ளங்கையை வைத்தாள். காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்டது போலிருந்தது. கையை எடுத்த பிறகும் அந்தச் சூடு விரல்களிலேயே நின்றது.

மேனேஜர் கணினியில் பார்த்தார். "தென்னைநார்க் கட்டிம்மா. செடிக்குப் போடறது. அதுலே என்ன ஆகப் போறது? வெயில்லே நிக்கறது, சுடறது."

"வெயிலே இன்னும் வரல சார்."

"கிழிசல் விஷயத்தையே மனசிலே போட்டுக் குழப்பிக்காதே. போம்மா."

போனாள். ஆனால் பகல் முழுக்க அவள் கண் அந்தப் பக்கமே இருந்தது.

மறுநாள் காலையும் நீலப் பெட்டி காய்ந்தே நின்றது. அந்த மூலையில் எப்போதும் படுத்துக் கிடக்கும் நாயைக் காணோம். கதவின் ரப்பர் விளிம்பில் மூக்கை வைத்து முகர்ந்தாள். இஸ்திரிக் கடை வாசலில் அடிக்கும் வாசனை, தேங்காய்ச் சிரட்டைக் கரி கங்காகும் வாசனை. திரும்பிப் பார்த்தாள். அடுத்த வரிசைப் பெட்டிகள் நாலிலும் சிவப்பு வெள்ளைக் கோடு. நாலும் கோவில்பட்டித் தீப்பெட்டி. அவள் அலுவலகத்துக்கு ஓடினாள்.

கொரோனா சமயத்தில் கேட்டில் ஆட்களின் நெற்றிக்கு நேரே பிடித்த காய்ச்சல் துப்பாக்கி மேசை டிராயரில் கிடந்தது. ஏசி ரிமோட்டின் பேட்டரிகளைக் கழற்றி அதில் போட்டாள். வரமாட்டேன் என்ற மேனேஜரை எப்படியோ கூட்டிவந்து, பக்கத்துப் பெட்டிகள் ஒவ்வொன்றிலும் பிடித்துக் காட்டினாள். அளவுக்குக் கீழே என்று வந்தது. நீலப் பெட்டியில் பிடித்தாள். அளவுக்கு மேலே என்று காட்டிக் கீச்கீச்சென்று கத்தியது.

அனந்தபத்மநாபன் கதவை நோக்கி நடந்தார். "முத்திரையை உடைச்சுக் கதவைத் திறந்து பாத்துடுவோம்."

"வேண்டாம் சார்!" அவள் குறுக்கே போய் நின்றாள். "இஸ்திரிப் பெட்டியத் தெறந்து விசிறுனா கங்கு என்னாகும்? உள்ள காத்துப் போவக் கூடாது. தீயணைப்புக்குச் சொல்லுங்க."

அவர் போனை எடுத்தார். வண்டி வர அரைமணி நேரமாகும் என்றார்கள்.

அதற்குள் பெட்டியின் மேல்விளிம்பில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பத் தொடங்கியது. யார்டில் இருந்த எல்லோரையும் கேட்டுக்கு வெளியே அனுப்பினார்கள். ஸ்டெபின் மட்டும் போகவில்லை. தீப்பெட்டி வரிசையைப் பார்த்தார், நீலப் பெட்டியைப் பார்த்தார். துண்டைத் தண்ணீரில் நனைத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்.

"அண்ணே, வேண்டாம்ணே," என்றாள்.

"இது இங்கன வெடிச்சா ஊருக்கே கேக்கும்ளா. உப்பளத்துப் பக்கம் கொண்டு வச்சிட்டு வாரேன். நீ கேட்டுக்கு ஓடு."

அவள் ஓடவில்லை. வண்டியின் இரும்புக் கை பெட்டியைத் தூக்கியபோது அடித்தகட்டிலிருந்து மெல்லிய புகை கசிந்து தரையோடு தவழ்ந்தது. பாதி வழியில் உள்ளேயிருந்து அறைந்தது போல ஒரு சத்தம். பக்கத் தகடு வெளியே புடைத்தது. ஸ்டெபின் நிறுத்தவில்லை. உப்பளத்தோர வெட்டவெளியில் பெட்டியை இறக்கி, கையை விடுவித்து, வண்டியோடு பின்வாங்கி, குதித்து நாலடி வந்து புகையில் மூச்சு முட்டி விழுந்தார். செல்வராணியும் மேனேஜரும் ஆளுக்கொரு தோளாகப் பிடித்து இழுத்து வந்தார்கள்.

தீயணைப்பு வண்டி வந்தபோது நீலத் தகடு பழுப்பாகி, நடுவில் சிவந்து, ஓட்டை விழுந்திருந்தது. இருட்டும் வரை தண்ணீர் பாய்ச்சினார்கள். ஸ்டெபின் மூன்று நாள் ஆக்சிஜனில் கிடந்து பிழைத்தார்.

தீ அணைந்ததும் பெட்டிக்குள் பார்த்தார்கள். கதவோரம் இரண்டு அடுக்கு தென்னைநார்க் கட்டி, பின்னால் கூரை வரை சரியாக ஆறாத சிரட்டைக் கரி மூட்டைகள். தானே தீப்பிடிக்கக்கூடிய சரக்கைத் தென்னைநார் என்று பொய் எழுதி மறைத்து அனுப்பியிருந்தார்கள். எல்லோரும் அதைப் பார்த்துத் திகைத்து நிற்க, செல்வராணி மட்டும் கேட்டாள்: "சார், இவங்க இந்த ஒண்ணுதான் அனுப்புனாங்களா?"

மேனேஜர் தேடினார். கூடவே இன்னும் இரண்டு வந்திருந்தன. இரண்டும் முந்தின நாளே கப்பல் ஏறி, கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தன. தகவல் அனுப்பிவிட்டு விடியும்வரை காத்திருந்தார்கள். காலையில் கொழும்பிலிருந்து பதில் வந்தது. ஒன்று சுடுகிறது, இரண்டையும் பத்திரமாக இறக்கிவிட்டோம். அனந்தபத்மநாபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பத்து நாள் கழித்து, கேட்டில் ஒரு டிரெய்லர் வந்து நின்றது. வேறு கம்பெனிப் பெயர், தென்னைநார்க் கட்டி என்று காகிதம். பெட்டியில் நெளிசல் இல்லை, எண் சரி. டிரைவருக்கு அறுபது வயதிருக்கும். கையெழுத்துக்காகக் கையை நீட்டினார்.

செல்வராணி பேனாவைத் திறக்கவில்லை.

"அண்ணாச்சி, எங்கன வச்சு ஏத்துனிய?"

"நம்ம பைபாஸ் பக்கம் ஒரு ஷெட்டுல. எதுக்கு கேக்க?"

"ஏத்தும்போது பக்கத்துல நின்னியளா? சரக்கு எப்படி இருந்துச்சு?"

அவர் தலையைச் சொறிந்து யோசித்தார். வண்டியின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து நின்ற டிரெய்லர்காரன் ஹாரன் அடித்தான்.

"இப்ப நீ கேக்கவுந்தான் தோணுது தாயி," என்றார் மெதுவாக. "மூட்டை தூக்குன பொம்பளையள்லாம் கையை உதறிக்கிட்டே இருந்தாளுவ."

அவள் கேட்டை இழுத்து அடைத்தாள்.