வலது காலுறை

இந்த மலைப்பக்கத்தில் காலுறை கிழிந்தால் யாரும் தூக்கிப் போடுவதில்லை. மேல்பாகத்துப் பூவேலையை அப்படியே வைத்துக்கொண்டு, பாதத்தை மட்டும் பிரித்துப் புது நூலில் பின்னிவிடுவார்கள். மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போன ஆண்கள்கூடக் கிழிந்ததை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கேயே கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ள என்ன கேடு என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். பெண்டாட்டி கைப்பட்டது வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல அவர்களுக்குக் கூச்சம்.

சவ்சனின் கணவன் நசர்ஷோ அனுப்பிய காலுறைகளைப் பக்கத்து வீட்டு ஷோதிபெக்தான் கொண்டுவந்தான். போன இலையுதிர் காலத்தின் கடைசியில் அவற்றைக் கொண்டுபோனவனும் அவனே. அடுப்பில் உப்புப் போட்ட பால் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது; குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். "அவசரம் அண்ணி" என்று அவள் முகத்தைப் பார்க்காமலே வாசலோடு போய்விட்டான். ஏழு மாதம் கழித்து ஊர் திரும்பியவனுக்கு அப்படி என்ன அவசரமோ!

காலுறைகளுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். இடது காலுறையின் குதிகாலில் மூன்று விரல் நுழையும் ஓட்டை. வலதில் ஓர் இழைகூட அறவில்லை.

அவளுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. பின்னும்போது எந்த நூல் சிட்டத்தை எதற்கு எடுத்தோம் என்று நினைவில்லை. தெரியாமல் நல்ல நூல் ஒன்று வலதுக்கு வாய்த்துவிட்டது என்று முடிவுகட்டினாள். அதே நூலைத் தேடிப் பிடித்து இரண்டு பாதத்தையும் பின்னிவிட வேண்டும். பார்த்து மெச்சவாவது அவன் முகத்தைக் காட்டட்டும்.

அவன் முகம் காட்டாததுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. காலுறைகள் போய்ச் சேருமுன்பே, நவம்பரில் மூன்று வாரம் அவனிடமிருந்து பேச்சே இல்லை. பிறகு வெறும் குரல் மட்டும். போனில் கேமரா கெட்டுவிட்டதாம். இந்த வருஷமும் ஊருக்கு வர முடியாதாம். "மூஞ்சியக் காட்டாத ஆம்பள தனியாவா இருப்பான்?" என்று நாத்தனார் ஜுமாமோ நாலு பேர் நடுவில் கேட்டாள். சவ்சன் சிரித்து மழுப்பினாள். ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு அந்தப் பயம் போகவில்லை.

கோரோக் நகரச் சந்தையில் நூல் விற்கும் நிசோவுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"என்னடி, மாஸ்கோ துரை அதுக்குள்ள கிழிச்சிட்டாரா?"

"ஒண்ணுதான்க்கா கிழிஞ்சுது. இந்த வலதுல போட்டது எந்த நூலு? எனக்கு அதேதான் வேணும்."

"வெறும் செம்மறிக் கம்பளின்னா சூடு நிக்கும், குதிகால் நிக்காது. வெள்ளாட்டு மயிர் கலந்து முறுக்கினாத்தான் உழைக்கும். அக்ரிலிக்ல சாயம் போகாது, ஆனா கால் வேர்த்து ஊறிப்போகும். நீ என்னத்தப் போட்டேன்னு பாக்கறேன், குடு."

நிசோ இரண்டு காலுறையிலும் ஒரு முனையைப் பிரித்து, எச்சில் தொட்டு, முறுக்கை அவிழ்த்துப் பார்த்தாள். பிறகு வலதின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினாள். தடவிய விரல் பாதியில் நின்றது.

"ரெண்டும் ஒரே நூல்தான்டி."

"அதெப்படி? அது அந்தக் கதியில இருக்கு, இது புதுசாட்டம் இருக்கே!"

"கம்பளி நடக்க நடக்க இறுகும், சவ்சன். அடிப்பக்கம் பலகையாட்டம் ஆயிடும். இதத் தொட்டுப் பாரு." அவள் குரலில் கேலி போன இடம் தெரியவில்லை. "இது தரையத் தொடவே இல்லம்மா."

சவ்சன் தொட்டுப் பார்த்தாள். தான் பின்னி முடித்த அன்று இருந்த அதே மெதுமெதுப்பு. ஒன்றை மட்டும் அனுப்பினால் குட்டு உடைந்துவிடும் என்று இரண்டையும் அனுப்பியிருக்கிறான், பாவி. நூல் காட்டிக்கொடுக்கும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? வேறு பெண் இருந்தால்கூடத் தேவலை, எவளோடாவது இரண்டு காலோடு இருந்தால் போதும் என்று அந்த நிமிஷம் அவளுக்குத் தோன்றியது. இத்தனை மாதமாக அவனைச் சந்தேகப்பட்டோமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

நிசோ எடுத்து வைத்த வெள்ளாட்டு மயிர்ச் சிட்டத்தில் பாதியைச் சவ்சன் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒரு குதிகாலுக்கு இவ்வளவு போதும்க்கா. பச்சக் குழந்தைக்குக் குல்லா பின்ற நூல் இருக்குமே, ஆட்டோட அடிமயிர்ல நூத்தது, அது குடு. உறுத்தவே கூடாது."

நிசோ இருந்ததிலேயே மெல்லியதைத் தேடி எடுத்து, தன் கன்னத்தில் ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சவ்சன் கொக்கி ஊசியில் முதல் வளையம் போட்டாள். அதற்கு மேல் எத்தனை வளையம் போடுவது என்று தெரியவில்லை. போனை எடுத்தாள்.

"சாப்பிட்டியா?" என்று அவன்தான் முதலில் கேட்டான்.

"ஆச்சு. ஒண்ணு கேக்கணும். முட்டிக்கு மேலயா, கீழயா?"



"யாரு... ஷோதிபெக் சொன்னானா?"

"யாரும் சொல்லல. சொல்லுங்க, மேலயா கீழயா?"

"கீழ," என்றான். "கட்டடச் சாரத்துலேர்ந்து விழுந்துட்டேன், சவ்சன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"சுத்தளவு வேணும். ஒரு கயிறு எடுத்து அளங்க."

அவன் குரல் உடைந்தது. சின்னப் பையன் மாதிரி விக்கி விக்கி அழுதான். அவளும் அழுதாள், ஆனால் சத்தம் வராமல்.

"அழுதுட்டு அளங்க," என்றாள். "நான் போனை வைக்கமாட்டேன்."