தட்டென்று வைக்கக் கூடாது

மூன்றாவது தடவையும் விமானம் தரையைத் தொடவில்லை. ஓடுதளத்துக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் மிதந்துகொண்டே போனது. பாதி தாண்டியதும் பயிற்சி கொடுக்கும் கேப்டன் அழகுராஜா தானே பிடியை வாங்கி, மறுபடி மேலே ஏற்றினார்.

"இறக்கச் சொன்னா ஊர்கோலம் போறே! எஞ்சினை முழுசா அடக்குன்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்துறேன். ஏன் கொஞ்சத்த மிச்சம் வைக்கிறே?"

"தட்டுன்னு விழுந்துரும் சார்."

"விழட்டுமே! சக்கரம் எதுக்கு இருக்கு? இன்னும் ஒரே தடவை. இதுலயும் இறக்கலைன்னா பேரை அடிச்சிருவேன். பட்டாசு சுத்தவே திரும்பிப் போ."

மாரிசெல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரிய மனுசன் பேசுகிற பேச்சா இது? அந்த வேலையிலிருந்து தப்பத்தானே உதவித்தொகைக்கு நாயாய் அலைந்து இந்த விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள்! பேரை அடித்தால் தாயில்பட்டிதான். அம்மா வள்ளித்தாய்க்குப் பக்கத்தில் அதே பட்டாசுக் கம்பெனியின் மருந்து அறைதான்.

பள்ளி முடித்த கையோடு அந்த அறையில் இரண்டு வருஷம் பட்டாசுக் குழாய்களில் வெடிமருந்து செலுத்தினாள். அங்கே எதையும் தட்டென்று வைக்கக் கூடாது. சல்லடையோ தண்ணீர்க் குடமோ, பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி வைக்க வேண்டும். ஒருநாள் கை வழுக்கி மருந்து டப்பாவைப் பொத்தென்று வைத்துவிட்டாள். அம்மா ஓங்கி அறைந்தாள். "ஏட்டி, அம்புட்டுப் பேரையும் கொல்லப் பாத்தியே!" அடித்த கை வெகுநேரம் நடுங்கியது.

பாழாய்ப்போன அந்தப் பயம் ஆகாயத்துக்கும் கூடவே வந்து கையைப் பிடிக்கிறதே! கேப்டன் மேல் மூண்ட கோபம் கம்பெனி மேல் திரும்பியது. கூலியோடு நடுக்கத்தையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறான் படுபாவி முதலாளி.

நாலாவது தடவை. ஓடுதளம் நெருங்கி வந்தது. "நாசமாப் போ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு எஞ்சினை முழுவதும் அடக்கினாள். விமானத்தின் மூக்கைத் தூக்கிப் பிடித்தாள். வலது கை எஞ்சின் பிடியை முன்னே தள்ளி மறுபடி வேகம் கொடுக்கத் துடித்தது. விடவில்லை.

தட்!

முதுகெலும்பு வரை குலுங்கியது. ஒன்றும் வெடிக்கவில்லை. விமானம் ஓடி, ஒழுங்காக நின்றது.

"முரட்டு இறக்கம்தான். ஆனா இறக்கிட்டே. பேரு இருக்கும்" என்றார் கேப்டன்.

"இனிமே பட்டாசு சுத்தப் போன்னு சொல்லாதீக சார்" என்றாள் அவள், முகத்தைத் திருப்பாமல்.

சாயங்காலம் வேலைவிட்டு வந்த அம்மாவுக்குப் போன் போட்டாள். "தட்டுன்னு வச்சேம்மா. ஒண்ணும் ஆகல."

 மறுமுனையில், அடுப்படியில் பாத்திரம் ஒன்று தரையில் மோதும் சத்தம் கேட்டது. தொடர்ந்து இன்னொன்று.

"என்னம்மா சத்தம்?"

"நாந்தான் போட்டேன். இருவத்தஞ்சு வருசமா வீட்டுலயும் சட்டிபானைய மெல்லத்தான் வச்சிருக்கேன்டி, அந்த எடுபட்ட கம்பெனியால."